பு ஆற்றங்கரையில் கேட்ட இசை: பழஞ்சீனத்தின் பார்வையற்ற இசைஞர்களும் ஆவிகளும்

நெய்தல்வேந்தன் எழுதியது:

கணினி விளையாட்டுகளிலும் சீனத் தொடர்களிலும் ஓர் ஆள் திரும்பத் திரும்ப வருகிறார். கண் தெரியாத முதியவர், முதுகில் ஒரு தந்தி வாத்தியம், கையில் கோல். ஊர் ஊராகப் போவார். பேய் நடமாட்டம் உள்ள இடத்தில் இரவில் உட்கார்ந்து வாசிப்பார். ஆவி அழுது தீர்த்துவிட்டு அடங்கிப்போகும். இப்படி ஒருவர் பழஞ்சீனத்தில் உண்மையிலேயே இருந்தாரா என்று இங்கே சிலர் வேறு வேறு இழைகளில் கேட்டிருந்தார்கள். அதற்காகத் தனி இழை தொடங்குகிறேன்.

இதற்கு மிக அருகில் வருபவர் ஷி குவாங். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஜின் நாட்டின் அரசவை இசை ஆசான். அவருடைய அரசர் பிங் கோமகன் (ஆட்சி கி.மு. 557–532). மனம் சிதறாமல் இருப்பதற்காகத் தானே புகையில் கண்களைக் கெடுத்துக்கொண்டார் என்று பிற்காலக் கதை ஒன்று சொல்கிறது. அதை நம்பத் தேவையில்லை. அவரைப் பற்றிய பேய்க் கதை ஹான் ஃபெய் என்ற தத்துவவாதியின் நூலில் இருக்கிறது.

வெய் நாட்டின் லிங் கோமகன் ஜின் நாட்டுக்குப் பயணம் போகிறார். வழியில் பு ஆற்றங்கரையில் வண்டிகளை அவிழ்த்துக் குதிரைகளை மேயவிட்டு இரவு தங்குகிறார். நடுச்சாமத்தில் யாரோ வாசிப்பது கேட்கிறது. இதுவரை கேட்டிராத இசை. கூட இருப்பவர்களை விசாரித்தால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தன் இசைஞர் ஷி ஜுவானைக் கூப்பிட்டு, "ஆவி வாசிப்பதுபோல் இருக்கிறது, இதைக் கேட்டுப் பிடித்துக்கொள்" என்கிறார். ஷி ஜுவான் இரவெல்லாம் உட்கார்ந்து தன் ச்சின் என்ற தந்தி வாத்தியத்தில் அதைப் பிடித்துவிடுகிறார். கை பழக இன்னும் ஓர் இரவு வேண்டும் என்கிறார். அதற்கும் தங்குகிறார்கள்.

ஜின் நாட்டில் விருந்து. மது ஏறிய வேளையில் லிங் கோமகன், "புது இசை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்" என்று ஷி ஜுவானை வாசிக்கச் சொல்கிறார். பக்கத்தில் ஷி குவாங். பாட்டு முடிவதற்குள் அவர் கையை நீட்டித் தடுத்துவிடுகிறார். "இது அழிந்த நாட்டின் இசை. இதை முடிக்கக் கூடாது." காரணமும் சொல்கிறார். ஷாங் வம்சத்தின் கடைசி அரசனுடைய கேளிக்கைக்காக ஷி யென் என்ற இசைஞர் ஆக்கியது இது. ஷாங்குக்கு அடுத்து ஆண்ட ஜோ வம்சத்தின் படை வந்து அந்த அரசை வீழ்த்தியபோது ஷி யென் கிழக்கே ஓடிப்போய்ப் பு ஆற்றில் விழுந்து உயிரை விட்டார். "ஆகவே இதை பு ஆற்றின் மேல்தான் கேட்டிருக்க வேண்டும். முதலில் கேட்டவனின் நாடு தேயும்."

பிங் கோமகன் கேட்கவில்லை. முழுவதும் வாசிக்கவைத்தார். இதைவிட உருக்கமான பண் உண்டா என்றார். உண்டு, ஆனால் அதைக் கேட்கும் அளவுக்கு உங்களுக்கு அறம் போதாது என்றார் ஷி குவாங். நேருக்கு நேராக, விருந்தினர் முன்னால்! அரசர் வற்புறுத்த, ஷி குவாங் எடுத்து வாசிக்கிறார். தெற்கிலிருந்து பதினாறு கருங்கொக்குகள் வந்து வாயில் கூரையில் இறங்குகின்றன, வரிசை கட்டுகின்றன, கழுத்தை நீட்டிக் கூவி இறக்கை விரித்து ஆடுகின்றன. எல்லாருக்கும் மகிழ்ச்சி. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். இதற்கும் மேல் ஒன்று உண்டா என்றார் அரசர்.

உண்டு. சீனத் தொன்மத்தில் வரும் மஞ்சள் பேரரசர் தாய்ஷான் மலைமேல் பேய்களையும் தேவதைகளையும் கூட்டியபோது ஆக்கிய பண். அதை வாசித்தால் கேடு வரும். "எனக்கு வயதாகிவிட்டது, எனக்குப் பிடித்தது இசை ஒன்றுதான், வாசியும்" என்கிறார் அரசர். முதல் முறை வாசித்ததும் வடமேற்கில் மேகம் எழுகிறது. இரண்டாம் முறை புயலும் மழையும். திரைகள் கிழிகின்றன, பாத்திரங்கள் உடைகின்றன, கூரை ஓடுகள் விழுகின்றன. கூட்டம் சிதறி ஓட, பிங் கோமகன் ஒரு பக்க அறையில் ஒடுங்கிக் கிடக்கிறார். பிறகு ஜின் நாட்டில் மூன்று ஆண்டு வறட்சி. அரசருக்குக் கைகால் முடங்கிய நோய்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தக் கதையில் பார்வையற்ற இசைஞர் ஆவியை அமைதிப்படுத்தவில்லை. ஆற்றில் விழுந்து இறந்தவர் யார், அவர் ஏன் இன்னும் வாசிக்கிறார் என்பதைக் காதால் அடையாளம் கண்டு, அந்த இசையை நிறுத்தச் சொல்கிறார். அவருடைய திறமை கேட்பதில் இருக்கிறது. விளையாட்டில் வரும் முதியவரைவிட இவர் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மலர்விழி எழுதியது:

அருமையாகச் சொன்னீர்கள் அண்ணா. ஒரு கேள்வி. ஷி ஜுவான், ஷி யென், ஷி குவாங் எல்லாருக்கும் 'ஷி' முன்னால் வருகிறதே, அது குடும்பப் பெயரா? அப்புறம், அரசவை இசைஞர் பார்வையற்றவராக இருந்தது தற்செயலா, அல்லது அப்படி ஒரு வழக்கமே இருந்ததா?

பழஞ்சுவடி எழுதியது:

'ஷி' என்றால் ஆசான், பதவிப் பட்டம். வழக்கமே இருந்தது, மலர்விழி. ஜோ அரசின் அலுவலர் அமைப்பை விவரிக்கும் 'ஜோ லி' நூலில் கணக்கே கொடுத்திருக்கிறார்கள்: பார்வையற்ற இசைஞர்களில் மேல்நிலை 40 பேர், நடுநிலை 100, கீழ்நிலை 160. ஆக 300. இவர்களுக்குத் துணையாகக் கண் தெரிந்தவர்கள் இன்னொரு 300 பேர். இது நடைமுறையில் அப்படியே இருந்ததா, நூல் எழுதியவர்கள் வரைந்த இலட்சிய வடிவமா என்பது வேறு விஷயம். ஆனால் ஆளுக்கொரு துணை என்று கணக்குப் போட்டு ஒரு அரசு யோசித்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

இவர்கள் யாருக்காக வாசித்தார்கள் என்பதுதான் இந்த இழைக்குத் தேவையானது. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பில், ஜோ கோயில் பாடல்கள் பகுதியில், பார்வையற்ற இசைஞர்களைப் பற்றியே ஒரு பாடல் இருக்கிறது. ஜோ அரச முற்றத்தில் அவர்கள் வந்து நிற்கிறார்கள். மணிச் சட்டங்களை நிறுத்துகிறார்கள், முரசும் கல் வாத்தியமும் குழலும் தயாராகின்றன, எல்லாம் சேர்ந்து ஒலிக்கின்றன. முன்னோர்கள் இதைக் கேட்கிறார்கள் என்று அந்தப் பாட்டே சொல்கிறது. இறந்தவர்களுக்காக இசைப்பது இவர்களின் அன்றாட வேலை. ஆனால் அந்த இறந்தவர்கள் அலையும் ஆவிகள் இல்லை. கோயிலில் இடம் உள்ளவர்கள், பலி பெறுகிறவர்கள், பேரன் பேத்தி உள்ளவர்கள்.

கன்பூசியஸ் உரையாடல்களில் ஒரு சின்னக் காட்சி உண்டு. ஷி மியென் என்ற பார்வையற்ற இசை ஆசான் அவரைப் பார்க்க வருகிறார். படி வந்ததும் "இது படி" என்கிறார் கன்பூசியஸ். பாய் வந்ததும் "இது பாய்". எல்லாரும் உட்கார்ந்ததும், "இன்னார் இங்கே இருக்கிறார், இன்னார் அங்கே இருக்கிறார்" என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். ஆசான் போனபிறகு ஒரு மாணவர், இசை ஆசானிடம் இப்படித்தான் பேசவேண்டுமா என்று கேட்க, ஆம், அவருக்குத் துணை நிற்கும் முறை இதுதான் என்கிறார். அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இரவுப்பறவை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நெய்தல்வேந்தன் முதலில் வருணித்த ஆள் ஜப்பானைச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். பிவா ஹோஷி என்ற பார்வையற்ற பாணர்கள். துறவி உடை, தலை மழித்து, பிவா என்ற வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். 1185இல் தன்-நோ-உரா கடற்போரில் ஹெய்கே குலம் அழிந்தது. சிறுவனாக இருந்த பேரரசரும் கடலில் மூழ்கினார். அந்தக் கதையை இவர்கள் பாடினால் மூழ்கிய ஆவிகளின் சினம் தணியும் என்ற நம்பிக்கை இருந்தது. காதுகளை ஆவி பிய்த்துக்கொண்டு போன ஹோயிச்சி கதை இந்த மரபில் வந்ததுதான். லாஃப்கேடியோ ஹெர்ன் அதை 1904இல் ஆங்கிலத்தில் எழுதியபிறகு உலகமெல்லாம் போனது.

இந்த உருவத்தைச் சீனத்தின் மேல் ஏன் வலிந்து ஒட்டவேண்டும்? சீனத்தில் அவர்கள் அரசாங்க ஊழியர்கள். அலையவில்லை. ஆவியைத் தணிக்கவும் இல்லை.

நெய்தல்வேந்தன் எழுதியது:

இரவுப்பறவை, உருவம் ஜப்பானுடையது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பிவா வாத்தியம் மட்டும் தாங் காலத்துச் சீனத்திலிருந்து போன பீபாவின் வழிவந்தது. ஆனால் ஆவியைத் தணிப்பது பற்றிய சிந்தனை சீனத்தில் அதைவிட மிகப் பழையது. ஷி குவாங் வாழ்ந்த காலத்திலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது. 'ஸுவோ' வரலாற்றுநூலில் கி.மு. 535ஆம் ஆண்டுச் செய்தியாக வருகிறது.

ஜெங் நாட்டில் போ யோ என்று ஒரு பிரபு. குடிகாரர். உள்சண்டையில் கி.மு. 543இல் ஆட்டுச் சந்தையில் வெட்டுப்பட்டுச் செத்தார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய ஆவி வருகிறது என்ற பீதி கிளம்பியது. யாராவது "போ யோ வந்துவிட்டான்!" என்று கத்தினால் போதும், எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஊர் ஓடும். ஒருவருடைய கனவில் போ யோ கவசம் போட்டு வந்து, இன்ன நாளில் இன்னாரைக் கொல்வேன், அடுத்த ஆண்டு இன்ன நாளில் இன்னொருவரைக் கொல்வேன் என்றார். அந்தந்த நாளில் அந்தந்த ஆள் செத்தார்கள்.

ஜெங் நாட்டு அமைச்சர் ஸிச்சான் என்ன செய்தார்? மந்திரவாதியைக் கூப்பிடவில்லை, இசைஞரையும் கூப்பிடவில்லை. போ யோவின் மகனுக்குத் தந்தையின் இடத்தில் பதவி கொடுத்தார். அத்துடன் தொல்லை நின்றது. காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்னது: ஆவிக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தால் அது தீங்கு செய்யாது. மகன் பதவியில் இருந்தால் தந்தைக்குப் படையல் நடக்கும், கோயிலில் இடம் கிடைக்கும். பழஞ்சுவடி சொன்ன அந்த முற்றமும் மணிகளும் முரசும் அங்கேதான் வருகின்றன. அலைகிற ஆவியை இசை பிடித்து அடக்குவதாக யாரும் சொல்லவில்லை. நீதி அவரை உள்ளே கூட்டிவருகிறது, வந்தபிறகு இசை அவருக்குரிய மரியாதையைச் செய்கிறது. நான் இந்த இரண்டையும் இப்படித்தான் சேர்த்துப் படிக்கிறேன்.

இதற்கு அடுத்த ஆண்டு, கி.மு. 534. ஜின் நாட்டில் ஓர் ஊரில் கல் பேசியதாகச் செய்தி வருகிறது. பிங் கோமகன் ஷி குவாங்கைக் கூப்பிட்டு, கல் ஏன் பேசுகிறது என்கிறார். ஷி குவாங்கின் பதிலை என் சொற்களில் தருகிறேன். கல் பேசாது. ஏதாவது அதன்மேல் ஏறியிருக்கலாம். இல்லாவிட்டால் மக்கள் தவறாகக் கேட்டிருக்கலாம். ஆனால் இன்னொன்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்: காலமல்லாத காலத்தில் வேலை வாங்கி மக்களின் மனக்குறை கிளம்பினால், பேசாத பொருளும் பேசும். இப்போது அரண்மனை உயர்ந்து நிற்கிறது, மக்களின் வலு தீர்ந்துவிட்டது. கல் பேசுவதில் என்ன வியப்பு?

அப்போது பிங் கோமகன் ஸிச்சி என்ற பெரிய அரண்மனையைக் கட்டிக்கொண்டிருந்தார். லிங் கோமகன் பட்டத்துக்கு வந்ததும் கி.மு. 534இல்தான், பிங் கோமகன் கி.மு. 532இல் இறந்துவிட்டார். அதாவது பு ஆற்றுக் கதை நடந்திருந்தால் இந்த இடைவெளியில்தான் நடந்திருக்க முடியும். ஹான் ஃபெய் இதற்கு மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, ஆட்சியை விட்டுவிட்டு இசையில் மூழ்கும் அரசனுக்கு எச்சரிக்கையாக அதை எழுதினார். கொக்கும் புயலும் கற்பனையாகவே இருக்கட்டும். ஆனால் அடக்கமுடியாத ஓர் ஒலி எங்கிருந்தோ வருகிறது, அது யாருடைய வலி என்று பார்வையற்ற ஒருவர் மட்டும் அரசரிடம் சொல்கிறார் என்ற அமைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

பினாங்குவாசி எழுதியது:

இங்கே மலேசியாவில் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் வந்தால் சீனர்கள் தெருவில் மேடை போட்டு ஓபராவோ பாட்டுக் கச்சேரியோ நடத்துவார்கள். கெத்தாய் என்பார்கள். முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அது ஆவிகளுக்கு. தெரியாமல் போய் உட்கார்ந்தால் பெரியவர்கள் பதறி எழுப்பிவிடுவார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது சின்ன வயதிலேயே தெரியும். படையல் பெற ஆளில்லாத ஆவிகளுக்காகச் சாப்பாடும் போடுவார்கள், பாட்டும் போடுவார்கள். ஸிச்சான் சொன்னதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. வாரிசு இல்லாதவர்களுக்கு ஊரே வாரிசாக நிற்கிறது.

ஆனால் மேடையில் பாடுபவர்கள் பார்வையற்றவர்கள் இல்லை. அலைந்து திரிந்த பார்வையற்ற இசைஞர்கள் சீனத்தில் இருந்ததே இல்லையா?

பழஞ்சுவடி எழுதியது:

இருந்தார்கள், நண்பரே. அரசவை அவர்களைக் கைவிட்ட பிறகு தெரு அவர்களை எடுத்துக்கொண்டது. அண்மைக்காலம் வரை இருந்தவர்களைப் பற்றித்தான் நமக்கு நன்றாகத் தெரியும், அதனால் அங்கிருந்து சொல்கிறேன்.

ஷான்ஷி மாகாணத்தின் வடபகுதி, மஞ்சள் மண் மேட்டுநிலம். அங்கே கதை சொல்வது பார்வையற்றவர்களின் பிழைப்பாக இருந்தது. மூன்று தந்தி கொண்ட சான்ஷியென் அல்லது பீபாவை மீட்டிக்கொண்டே, கெண்டைக்காலில் கட்டிய மரத்தகடுகளால் தாளம் போட்டுக்கொண்டு, ஒரே ஆள் கதை முழுவதையும் சொல்வார். பிள்ளைக்கு நோய் வந்தது, மாடு பிழைத்தது என்று வீட்டார் நேர்ந்துகொண்டிருப்பார்கள். அந்த நேர்த்திக்கடனைத் தீர்க்கக் கதை சொல்பவரை அழைப்பார்கள். முதலில் தெய்வங்களை அழைத்து உட்காரவைப்பார், பிறகு கதை, கடைசியில் தெய்வங்களை வழியனுப்புவார். சோதிடமும் பார்ப்பார். ஹான் சிஷியாங் (1915–1989) இந்த மரபில் வந்தவர். சின்ன வயதில் அம்மையில் கண்ணை இழந்தவர். 1940களில் யெனானில் கம்யூனிஸ்டுகள் அவரைப் புதுக் கதைகள் சொல்லவைத்தார்கள், தெய்வம் அழைப்பது போன்ற பகுதிகளை விடச் சொன்னார்கள். இரவுப்பறவை சொன்ன ஆளுக்குச் சீனத்தில் மிக அருகில் வருபவர்கள் இவர்கள்தான் என்பேன்.

அதற்குக் கிழக்கே, பழைய ஜின் நாட்டு மண்ணிலேயே, தாய்ஹாங் மலையில் ஸுவோச்சுவான் என்று ஒரு மாவட்டம் உண்டு. அங்கே பார்வையற்ற பாடகர்களின் குழு ஒன்று 1938இல் ஜப்பானிய எதிர்ப்புப் போரின்போது உருவானது. ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். போர் முடிந்தபிறகும் பல தலைமுறை அந்தச் சுற்றுப்பயணம் தொடர்ந்தது.

மூன்றாவது ஆள் ஆபிங். இயற்பெயர் ஹுவா யென்ஜுன், 1893இல் பிறந்தவர், வூஷி நகரம். தந்தை ஒரு தாவோ கோயிலின் பூசகர். தாவோ பூசகர்கள் சாவு வீடுகளில் இறந்தவருக்கான சடங்குக்குக் குழலும் தந்தியும் முரசும் வாசிப்பார்கள். ஆபிங் இசையைக் கற்றது அந்தச் சடங்குகளில்தான். முப்பது வயதுக்கு மேல் பார்வை போனது. கோயில் வருமானமும் போய்த் தெருவுக்கு வந்தார். எர்ஹு என்ற இரு தந்தி வில் வாத்தியம் வாசித்து, அன்றன்றைய செய்திகளைப் பாட்டாகக் கட்டிப் பாடிப் பிழைத்தார். 1950இல் யாங் யின்லியூ, சாவ் ஆன்ஹே என்ற இரண்டு இசை ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து ஆறு உருப்படிகளைப் பதிவு செய்தார்கள். எர்ஹுவில் மூன்று, பீபாவில் மூன்று. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஆபிங் இறந்துவிட்டார். அந்த ஆறைத் தவிர அவருடைய வாசிப்பு எதுவும் நமக்கு மிஞ்சவில்லை. எத்தனை பேர் பதிவே ஆகாமல் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

இரவுப்பறவை எழுதியது:

ஷான்ஷி கதைசொல்லிகளைப் பற்றி விரிவாக எழுதியதற்கு நன்றி பழஞ்சுவடி. ஆனால் ஒன்று கவனியுங்கள். அங்கேயும் அழைக்கப்படுவது தெய்வம். சினம் கொண்ட ஆவி இல்லை. ஹெய்கே கதையைப் போல, தோற்றுச் செத்தவர்களிடமே அவர்களுடைய கதையைப் பாடிக் காட்டும் மரபு சீனத்தில் பார்வையற்றவர்களிடம் வளரவில்லை என்பதே என் கருத்து. போரில் செத்தவர்களுக்கான பாடல் சு நாட்டில் இருந்தது. தலை துண்டானாலும் நெஞ்சு தளராத வீரர்களைப் பாடும் அந்தப் பாடல் சுயுவான் என்ற கவிஞரின் பெயரில் வருகிறது. அதைப் பாடியவர்கள் பூசாரிகள் என்பதுதான் வழக்கமான கருத்து.

மலர்விழி எழுதியது:

பார்வையற்ற இசைஞர் என்றால் சாந்தமானவர் என்ற எண்ணமும் சீனக் கதைகளில் பொருந்தவில்லை போலிருக்கிறது. காவ் ஜியென்லியை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பன் ஜிங் கே, பின்னாளில் சீனத்தின் முதல் பேரரசரான சின் அரசரைக் கொல்லப்போய்ச் செத்தபிறகு ஒளிந்து வாழ்ந்த இசைஞர். வாசிப்புக்காக உயிரோடு விட்டு, கண்களை மட்டும் குருடாக்கினார் சின் பேரரசர். காவ் ஜியென்லி தன் வாத்தியத்துக்குள் ஈயத்தை நிரப்பி, அருகே போனபோது அரசர்மேல் வீசினார். தவறியது, கொன்றுவிட்டார்கள். ஷி குவாங்கும் பிங் கோமகன்மேல் ச்சின்னை வீசியதாக எங்கோ படித்தேன். உண்மையா? அந்த வாத்தியம் இப்போது கேட்கும் ஏழு தந்தி குச்சின்தானா?

நெய்தல்வேந்தன் எழுதியது:

ஹான் ஃபெய் நூலிலேயே வருகிறது, மலர்விழி. குடித்திருந்த பிங் கோமகன், "அரசனாக இருப்பதில் வேறு சுகம் ஒன்றுமில்லை, நான் சொல்வதை யாரும் மறுக்க மாட்டார்கள் என்பதுதான் சுகம்" என்றாராம். ஷி குவாங் ச்சின்னைத் தூக்கி வீசினார். அரசர் விலகிக்கொள்ள, அது சுவரில் மோதியது. "யாரை அடித்தீர்?" என்றார் அரசர். "பக்கத்தில் யாரோ ஒரு சிறுமதிக்காரன் பேசினான், அவனை அடித்தேன்." பேசியது நான்தான் என்றார் அரசர். "ஐயோ, அரசன் பேசும் பேச்சா அது!" சுவரைப் பூச வந்தவர்களை அரசர் தடுத்து, எனக்கு எச்சரிக்கையாக அப்படியே இருக்கட்டும் என்றார்.

வாத்தியம் பற்றி. ஹூபே மாகாணத்தின் சுய்ஜோவில் 1978இல் ஸெங் நாட்டு யீ என்ற சிற்றரசரின் கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 433ஐ ஒட்டியது, அதாவது ஷி குவாங்குக்கு ஒரு நூற்றாண்டு பின்னால். அதில் கிடைத்த ச்சின்னுக்குப் பத்து தந்திகள். நீளம் 67 செ.மீ.; இன்றைய குச்சின் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓவியங்களில் ஷி குவாங் மடியில் இருக்கும் நீண்ட ஏழு தந்தி வாத்தியம் பிற்கால வடிவம். அதே கல்லறையில் 65 வெண்கல மணிகள் கிடைத்தன. ஏறக்குறைய ஒவ்வொன்றும் தட்டும் இடத்தைப் பொறுத்து இரண்டு சுரம் தரும். சுரப் பெயர்களை மணிமேலேயே பொறித்திருக்கிறார்கள். கோயில் முற்றத்தில் முன்னோர்களுக்காக ஒலித்தது எவ்வளவு பெரிய இசை என்பதற்கு அது போதும். கூடவே 21 இளம்பெண்களைப் பலி கொடுத்துப் புதைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த இசையின் அழகைப் பேசும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது.

இரவுப்பறவை, ஹெய்கே போன்ற ஒன்று சீனப் பார்வையற்ற பாடகர்களிடம் இல்லை என்பதை ஏற்கிறேன். பு ஆற்றில் ஷி யென்னின் ஆவி வாசித்ததைக் கேட்டு அவருக்குப் படையல் வைக்கலாமே என்று அந்தக் கதையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவர் ரசித்தார், ஒருவர் மனப்பாடம் செய்தார், ஒருவர் தடுத்தார். ஸிச்சான் அந்த ஆற்றங்கரையில் தங்கியிருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பார்.

கேட்க விரும்புகிறவர்கள் ஆபிங்கின் 1950 பதிவிலிருந்தே தொடங்குங்கள். 'இரண்டாம் ஊற்றில் நிலா' என்ற எர்ஹு உருப்படி இணையத்தில் கிடைக்கும். பெரிய வாத்தியக் குழுக்கள் வாசித்த மெருகேற்றிய வடிவங்கள் நிறைய உள்ளன. அவற்றைப் பிறகு கேட்கலாம். பதிவில் இரைச்சல் இருக்கும், எர்ஹுவும் நல்ல வாத்தியம் இல்லை. ஆனால் வில்லின் அழுத்தம் தெளிவாகக் கேட்கும். ஹான் சிஷியாங்கின் பதிவுகளுக்கு இணைப்பு யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.